தோணிப்பாட்டில் ஒரு கேதம்

நல்லகாமன் செய்த குற்றம், விடுப்பு விண்ணப்பத்தில் உண்மையை எழுதியது.

மற்றவர்கள் அந்த இடத்தில் சாவு என்றோ கல்யாணம் என்றோ வயிற்றுப்போக்கு என்றோ எழுதுவார்கள். அவன், 'தோணிப்பாடு என்னும் கடற்கரைக் கிராமத்தில் மனைவியோடு நாலு நாள் சும்மா இருந்துவிட்டு வர' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மேலாளர் சிவனாண்டியின் மேசையில் வைத்துவிட்டு வந்தான். அவசரநிலை அமலில் இருந்த சமயம் அது. மதுரையில் நாய்கூட யோசித்துத்தான் குரைத்தது. அந்த நாளில் ஒருவன் தன் கைப்பட இப்படி எழுதிக் கொடுப்பான் என்று யார்தான் எதிர்பார்த்தார்கள்?

அவன் வேலை பார்த்தது காலிச் சாக்கு மீட்பு வாரியத்தின் மண்டல அலுவலகத்தில். எப்போதோ ஒரு பஞ்சத்தில் வெளிநாட்டுக் கோதுமை மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. கோதுமையை ஜனங்கள் தின்றுவிட்டார்கள். சாக்கெல்லாம் எங்கே என்று மேலிடத்தில் யாரோ கேட்டுவைத்தார்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு வாரியம் ஏற்பட்டது. பதில் இன்னும் தயாராகிக்கொண்டிருந்தது. மண்டல அதிகாரி ஒருவர், மேலாளர் ஒருவர், எழுத்தர்கள், தட்டச்சர், கடைநிலை ஊழியர் பேயாண்டி, பெருக்கிக் கூட்டுகிற ஒச்சம்மாள், மீட்ட சாக்குகளை ஏற்றி வர ஒரு லாரி என்று எல்லாம் இருந்தது. சாக்குதான் இல்லை. டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு சாக்கு கிடக்கிறது என்று தகவல் வந்து, ஒருமுறை லாரியோடு போனார்கள். அதன்மேல் பாய் விரித்துப் படுத்திருந்த பெரியவர் எழுந்திருக்க மறுத்துவிட்டார். 'ஆக்கிரமிப்பு' என்ற தலைப்பில் அந்தக் கோப்பு இன்றைக்கும் நிலுவையில் இருக்கிறது.

லாரி மட்டும் சும்மா நிற்கவில்லை. மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெரிந்தவர் அறிந்தவர் அத்தனை பேரும் போய்க் கேதம் கேட்டாக வேண்டும். போகாதவனை அந்த வீட்டார் பேரன் காலம் வரைக்கும் மறக்க மாட்டார்கள். ஊழியர் யார் வீட்டில் கேதம் விழுந்தாலும் வாரியம் லாரி போட்டுக்கொண்டு மாலையோடு போய் இறங்கும். அந்த ஒரு வேலையில் அவர்களை அடித்துக்கொள்ள மாவட்டத்தில் ஆள் கிடையாது. ஒச்சம்மாளுக்கு வேலை கொடுத்ததே அவள் ஒப்பாரி வைக்கிற குரலைக் கேட்டுத்தான் என்று சொல்வார்கள். அலுவலகம் இருந்த நிலையைப் பார்த்தால் அது பொய்யாக இருக்காது.

நல்லகாமனுக்குக் கடற்கரை ஆசை தானாக வந்ததல்ல. செல்லூரில் அவன் குடியிருந்த சந்தில், சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கொட்டகை. பகலென்றும் ராத்திரியென்றும் பார்க்காமல் தடதடவென்று ஓடும். அடுக்கில் வைத்த தம்ளர்கள் தாமாக நகர்ந்து வந்து கீழே குதிக்கும். அவன் மனைவி அன்னக்கொடி, வாக்கப்பட்டு வந்த புதிதில் அதைப் பார்த்துச் சிரித்தவள்தான். இப்போது சில மாதங்களாக அவளுக்குத் தூக்கமே இல்லை. மின்சாரம் நின்று தறி ஓய்ந்த நேரத்திலும் காதுக்குள்ளே தறி ஓடுகிறது என்றாள். ஒருநாள் கொதிக்கிற உலையை வெறுங்கையால் இறக்கப் போனாள். இவன் பாய்ந்து தடுத்ததும், 'ஏன் தள்ளுறீக?' என்று அப்பாவியாகக் கேட்டாள். அவன் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை.

"சத்தமில்லாத ஊராப் பாத்து நாலு நாள் கூட்டிட்டுப் போப்பா. அவங்க காது ஆறணும். இல்லேன்னா அடுத்து நீ வேற டாக்டரத்தான் பாக்கணும்."

எந்த டாக்டர் என்று அவர் சொல்லவில்லை. நல்லகாமனுக்குப் புரிந்தது. பயம் அன்றைக்கே அவன் கூட வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டது.

ஊர் பிடித்துக் கொடுத்தவன் தட்டச்சர் லாசர். "எங்கக்கா வீடு தோணிப்பாட்டுல இருக்கு மாப்ள. ராமநாதபுரம் போயி இன்னொரு பஸ் ஏறணும். அத்தான் ஆரோக்கியம் தங்கமான மனுசன். வாயே தெறக்க மாட்டாரு. அந்த ஊர்லயே அவருதான் பேச்சுக்காரரு. கடலைப் பாத்து ஒரு ரூம்பு காலியாக் கெடக்கு, போயி இரு" என்றான். அன்னக்கொடி அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். அந்த மகிழ்ச்சியில்தான் நல்லகாமன் புத்தி கெட்டு உண்மையை எழுதிவிட்டான்.

மறுநாள் சிவனாண்டி கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அந்த அலுவலகத்தில் கதவைச் சாத்தினால் ஒன்று யாரையோ வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், இல்லையென்றால் யாரோ கறிக்குழம்பு கொண்டுவந்திருக்கிறார்கள். குழம்பு வாசனை எதுவும் இல்லை.

"இதென்னப்பா, சும்மான்னு எழுதியிருக்க?"

"சும்மாதாங்க சார்."

"சாமி கும்புடப் போறியா?"

"இல்லைங்க."

"சொந்தக்காரங்க யாரும் இருக்காகளா?"

"இல்லைங்க."

"நெலம், வீடு, வில்லங்கம்?"

"ஒண்ணுமில்லைங்க. கடலைப் பாத்துக்கிட்டு இருக்கலாம்னு."

சிவனாண்டி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தம்பி, சும்மா இருக்கிறதப் பத்தி எனக்கு நீ சொல்ல வேணாம். இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள்லருந்து நான் இருக்கேன். சும்மா இருக்கிறதுக்குன்னே கவர்மெண்டு நமக்கு நாற்காலி குடுத்து, ஃபேன் போட்டு, சாயங்காலம் வரைக்கும் எடமும் ஒதுக்கி, மாசம் பொறந்தா சம்பளமும் குடுக்குது. இம்புட்டு வசதிய விட்டுட்டு ஒருத்தன் சும்மா இருக்கக் கடற்கரைக்குப் போறான்னா, அவன் அங்க சும்மா இருக்கப் போகலைன்னு அர்த்தம்."

சிவனாண்டி விடுப்புப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார்.

"இன்னொண்ணு. ஆபீஸ்ல எல்லாரோட பழைய லீவையும் எடுத்துப் பாத்தேன். பேயாண்டிக்கு அப்பத்தா மட்டும் நாலு தடவ செத்திருக்கு. லாசருக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முந்தியே மாமனார் போயிட்டாரு. எல்லாம் மொறைப்படி சாங்ஷன் ஆயிருக்கு. ஓங்குடும்பத்துல மட்டும் இம்புட்டு வருசமா ஒருத்தர்கூடச் சாகல. ஏன்?"

"எல்லாரும் நல்லாத்தாங்க சார் இருக்காங்க."

"அதான் எனக்குச் சந்தேகம்" என்றார் சிவனாண்டி.

"அப்ப நான் போகல சார். அந்தக் கடுதாசியக் குடுங்க, கிழிச்சுப் போட்டுர்றேன்."

"கிழிச்சா தடயத்த அழிச்சதாகும். போகாம இருந்தா, ஏன் பயந்துட்டான்னு கேள்வி வரும். நீ எழுதி வச்ச நிமிசத்துலருந்து ஓங் கடலு வாரியத்துக்குச் சொந்தம். ஐயாகிட்ட வா."

மண்டல அதிகாரி விளாங்குடியிலிருந்து ஜீப்பில் வருகிறவர். எதிரே நிற்பவன் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. அவன் தலைக்கு மேலே ஒரு பெரிய கூட்டம் உட்கார்ந்திருப்பதுபோல் அங்கே பார்த்துத்தான் பேசுவார்.

"கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?"

"தெரியாதுங்க ஐயா. நான் கடலையே பாத்ததில்ல."

"பார்க்காத இடத்துக்கு ஏன் போகிறாய்? சிவனாண்டி, குறித்துக்கொள்ளுங்கள்." அதிகாரி எழுந்து நின்றார். "நாடு இன்று ஒழுங்கின் பாதையில் நடக்கிறது. நானே காலையில் சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறேன். வந்தபின் என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறேன். ஆனாலும் வருகிறேன். இதுதான் தியாகம். அந்தக் கரையோரத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? கடிகாரம் இறங்குகிறது. நைலான் சேலை இறங்குகிறது. பாட்டுப் பெட்டி இறங்குகிறது. கடத்தல்காரன் தேசத்தின் எதிரி. இதோ, இந்தக் கைக்கடிகாரத்தைப் பார். ஜப்பான். ஒரு நொடிகூடத் தப்பாது. இதைக் கொண்டுவந்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் உள்ளே தள்ளாமல் விட மாட்டேன். என்ன செய்வது, ஒவ்வொரு முறையும் அவன் தம்பியைத்தான் அனுப்புகிறான்."

நல்லகாமன் கடிகாரமே இல்லாத தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அதையும் சிவனாண்டி குறித்துக்கொண்டார்.

"போகலாம்" என்ற அதிகாரி, அவன் வாசலைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பாட்டுப் பெட்டியில் ரேடியோவும் சேர்ந்தே வருகிறதாமே?"

அது ஆசையா வலையா என்று நல்லகாமனுக்குத் தெரியவில்லை. தெரியாதுங்க ஐயா என்று அழுகிற குரலில் சொல்லிவிட்டு ஓடிவந்தான்.

இரண்டொரு நாளில் சாதா உடுப்பில் ஒரு போலீஸ்காரர் செல்லூர்ச் சந்துக்கு வந்து சேர்ந்தார். சாதா உடுப்பு என்றாலும் காலில் இருந்த பூட்ஸ் தெருவுக்கே ஆளைச் சொல்லிவிட்டது. பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அன்னக்கொடி மட்டும், வந்தவர் வெயிலில் நிற்கிறாரே என்று மோர் கொடுத்தாள்.

"கடல்ல ஒங்களுக்கு என்னம்மா வேல?"

"பாக்கணுங்க."

"பாத்து?"

"பாத்துக்கிட்டே இருக்கணும்."

"எதப் பாத்துக்கிட்டே? படகு எதும் வருமா?"

"வந்தாலும் பாப்பேன். வராட்டியும் பாப்பேன்" என்றாள் அன்னக்கொடி. தறிச் சத்தத்தில் அவருக்குப் பாதிதான் காதில் விழுந்தது. பாதியை வைத்துக்கொண்டு அவர் முழு அறிக்கை எழுதினார்.

அன்று முதல் நல்லகாமன் ஆளே மாறிப்போனான். ஜீப் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடு எழுந்து நிற்பான். வாசலில் பால்காரர் கூப்பிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராவான். ஒருவேளை தனக்கே தெரியாமல் எதையாவது கடத்தியிருப்போமோ என்று பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டான். பக்கத்து அலுவலகத்தில் ஒருவரை, சிரித்துக்கொண்டே காப்பி குடித்தார் என்று கட்டாய ஓய்வில் அனுப்பிவிட்டார்கள் என்று பேச்சு. வேலை போனால் இந்த வீட்டுக்குக்கூட வாடகை கொடுக்க முடியாது. இதைவிடச் சத்தமான வீடு செல்லூரில் எங்கே இருக்கிறது என்று யோசித்தால் அதுவும் இருந்தது, தறிக்கொட்டகைக்கு உள்ளேயே. அந்த வீட்டில் தூக்கம் இல்லாதவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

லாசர் அவனை மாடிப்படிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனான். பேயாண்டியும் கூட வந்தான்.

"ஒரு கேதத்தப் போடு மாப்ள. எல்லாம் சரியாப் போகும்."

"யாரடா சாகடிக்கிறது?"

"உசுரோட இருக்கிறவுக வேணாம்ணே, பின்னாடி தெருவுல எதுத்தாப்புல வந்துருவாக" என்றான் பேயாண்டி, அனுபவஸ்தன். "புதுசா ஒரு ஆளப் பெறப்பிச்சு, அன்னைக்கே முடிச்சுரணும். அதான் பாதுகாப்பு."

அப்படித்தான் கருப்பு சித்தப்பா பிறந்தார். பிழைப்புத் தேடித் தோணிப்பாட்டுப் பக்கம் உப்பளத்துக்குப் போனவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், நேற்றுக் காலமாகிவிட்டார். வீட்டில் சொன்னபோது அன்னக்கொடிக்குப் பிடிக்கவில்லை. "இல்லாத மனுசன எதுக்குங்க சாகடிக்கணும்? பாவம்ல" என்றாள். அவனுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பூட்ஸ் கால் அதைவிடப் பயமாக இருந்தது.

சிவனாண்டி புது விண்ணப்பத்தைப் படித்தார். படித்து முடிக்குமுன் அவர் கண் கலங்கிவிட்டது.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னய்யா? சித்தப்பன் சாகக் கெடக்காரு, பாக்கப் போறேன்னு சொல்ல வாய் வராம, துக்கத்துல சும்மான்னு எழுதியிருக்க. நாங்களும் மனுசங்கதானப்பா."

அதுவரை அசையாமல் கிடந்த வாரியம் அன்று ஓடிய ஓட்டத்தை யாரும் பார்த்ததில்லை. மசி காய்வதற்குள் கையெழுத்து விழுந்தது. அதிகாரி தானே எழுந்து வந்து, முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார். போலீசுக்குச் சந்தேகம் நீங்கிவிட்டது என்று தகவல் போனது. உயிரோடு இருக்கும் ஒரு பெண் தூங்க வேண்டும் என்றபோது அசையாத நாற்காலிகள், பிறக்கவே இல்லாத ஒருவர் செத்ததும் எழுந்து நின்று வழிவிட்டன.

"புள்ள குட்டி இல்லைன்னா நீதானப்பா எல்லாம் செய்யணும்" என்று சிவனாண்டி முதுகைத் தட்டினார். "மொட்டையும் மீசையில்லாத மொகமுமாத்தான் திரும்பி வரணும். அதப் பாத்துட்டுத்தான் வேலையில சேப்பேன்."

தோணிப்பாட்டில் அவர்கள் இறங்கியபோது பஸ் நின்ற சத்தம்தான் அந்த ஊரின் கடைசிச் சத்தம். அது போனபின் காற்றும் கடலும்தான். ஆரோக்கியம் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தார். 'வாங்க' என்று சொல்லிவிட்டு, அன்றைய பேச்சு முடிந்துவிட்டதுபோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அன்னக்கொடி கடலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு, "இது ஒண்ணும் செய்யலைங்க" என்றாள். சத்தத்தைத்தான் சொன்னாள். அறைக்குள் போய்ப் பாயை விரித்துப் படுத்தவள், சோறு வந்தபோது எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் எழுந்து, கரையில் உட்கார்ந்து, இரண்டு இட்லி தின்றுவிட்டு மறுபடி போய்ப் படுத்தாள். அவள் முகத்தில் இருந்த சுளிப்பு ஒன்று, இத்தனை நாளாக அது அவள் முகம்தான் என்று அவன் நினைத்திருந்தது, காணாமல் போயிருந்தது. நல்லகாமன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷப்பட முயன்று பார்த்தான். முடியவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். விடுமுறைக்குப் போன இடத்தில் அவன் பார்த்ததெல்லாம் ஒரு தார்ச்சாலையைத்தான்.

அதற்கு மறுநாள் காலையில் அந்தச் சாலையில் லாரி வந்தது.

முதலில் கொட்டுச் சத்தம் கேட்டது. பிறகு, பனைகளுக்கு மேலாக ஒச்சம்மாளின் குரல் கேட்டது. அதை எங்கே கேட்டாலும் அவனுக்குத் தெரியும். பிறகு 'காலிச் சாக்கு மீட்பு வாரியம்' என்று எழுதிய முகப்பு தெரிந்தது. அதன்மேல் ஒரு பெரிய மாலை தொங்கியது. ஊழியர் வீட்டுக் கேதத்துக்கு வாரியம் வராமல் இருக்காது என்பது நல்லகாமனுக்கு உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த விஷயம். அவனே எத்தனை கேதத்துக்கு அந்த லாரியில் போயிருக்கிறான். பயத்தில் அதைத்தான் மறந்திருந்தான்.

அவன் கை தலைக்குப் போனது. தலை நிறைய முடி. கடைசி நாளில் மழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தான்.

"ஆரோக்கியம் அண்ணே, ஆபீஸ்ல வாராக" என்றான். "சித்தப்பன் செத்துட்டாருன்னு சொல்லித்தான் லீவு வாங்கினேன். எனக்குச் சித்தப்பன் கெடையாது. தலையையும் மீசையையும் செரைக்கணும். பொதச்ச எடமும் காட்டணும். இல்லேன்னா என்னைய உள்ள வச்சுருவாக."

ஆரோக்கியம் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சவரக் கத்தியை எடுத்து வந்தார். அவர் தன் முகத்தைத் தவிர வேறு எதையும் மழித்தவரல்ல. நல்லகாமனும் சாலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தலையை ஒரு நிலையில் வைக்கவில்லை. லாரி வந்து நிற்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அங்கங்கே கொத்து முடியும், அங்கங்கே ரத்தமுமாக எழுந்து நின்றவனைப் பார்த்து, இறங்கிய சிவனாண்டி கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"எத்தன கேதம் பாத்திருக்கேன். இப்பிடிச் சித்தப்பன் மேல பாசமா இருந்த புள்ளைய நான் பாத்ததில்ல" என்று கட்டிக்கொண்டார்.

லாசர் பின்னால் தலையைக் குனிந்தபடி இறங்கினான். "வராதீகன்னு சொல்லிப் பாத்தேன் மாப்ள. வழி தெரியாதுன்னு சொன்னேன். ஐயா ரோட்டு மேப்பு வாங்கிட்டாரு" என்று காதில் சொன்னான்.

அதற்குள் ஒச்சம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து தொடங்கிவிட்டாள். உப்பளத்து ராசா, கடல்கரை மகராசா என்று அவள் எடுத்த எடுப்பில் கூரைமேல் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. கொட்டும் சேர்ந்துகொண்டது. நல்லகாமன் பதறிக்கொண்டு ஓடினான். "மெதுவா ஒச்சம்மாக்கா, மெதுவா. உள்ள எம் பொண்டாட்டி தூங்குறா."

"அழுது அழுது களைச்சுத் தூங்குதாக்கும். பாவம்" என்று ஒச்சம்மாள் இன்னும் ஒரு படி குரலை ஏற்றினாள்.

அன்னக்கொடி எழுந்து வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. வாசலில் கூட்டத்தையும், கொட்டடிக்கிறவர்களையும், புருஷனின் தலையையும் பார்த்தாள். நெற்றியில் அந்தச் சுளிப்பு மெல்லத் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிலைப்படியில் சரிந்து, விம்மி விம்மி அழத் தொடங்கினாள். அது உண்மையான அழுகை. வாரியத்துக்கு அழுகையில் அசல் எது போலி எது என்று நன்றாகத் தெரியும். எல்லாரும் திருப்தியோடு தலையசைத்தார்கள்.

அதிகாரிக்கு உட்கார ஆரோக்கியம் ஒன்றை எடுத்து விரித்தார். அது ஒரு காலிச் சாக்கு. கோதுமை வந்த காலத்துச் சாக்கு, அந்நிய எழுத்துகூட இன்னும் அழியவில்லை. அதிகாரி அதன்மேல் உட்கார்ந்தார். சிவனாண்டி அதன் ஓரத்தில் கால் மண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அவர்கள் அதற்கு முன் சாக்கைப் பார்த்ததில்லை.

"புதைத்த இடம்?" என்றார் அதிகாரி.

நல்லகாமன் ஆரோக்கியத்தைப் பார்த்தான். ஆரோக்கியம் முன்னால் நடந்தார். வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், தாழம்புதருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மண்மேடு இருந்தது. மழையில் நனைந்து கெட்டுப்போன சூடைக் கருவாட்டை அவர் போன வாரம்தான் அங்கே புதைத்திருந்தார். ஆண்கள் எல்லாரும் போய்ச் சுற்றி நின்றார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். யாரும் சந்தேகப்படவில்லை. பேயாண்டி மாலையை மேட்டின்மேல் பரப்பி வைத்தான். அதிகாரி காற்று வரும் பக்கமாக ஒதுங்கி நின்று பேசினார்.

"இங்கே உறங்குகிறவரை நான் நேரில் அறிந்ததில்லை. அதனால் என்ன? நாம் ஒரு சாக்கைக்கூட நேரில் அறிந்ததில்லை. ஆனாலும் சாக்கின்மீது நமக்குப் பற்று இல்லையா? இல்லாத ஒன்றின்மீது வைக்கிற பற்றுதான் நிர்வாகம். அமரர் கருப்பு எதையும் கேட்டு அலுவலகத்துக்கு வந்ததில்லை. ஒரு மனு கொடுத்ததில்லை. குறை சொன்னதில்லை. நாட்டு மக்கள் எல்லாரும் இவரைப்போல இருந்துவிட்டால் எங்கள் வேலை எவ்வளவு சுலபமாக இருக்கும்! ஆண்டுதோறும் இவர் திதிக்கு வாரியம் இங்கே வரும். சிவனாண்டி, குறித்துக்கொள்ளுங்கள். இப்போது இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி."

கொட்டு நின்றது. ஒச்சம்மாளுக்கு யாரோ போய்ச் சொல்லி, அவளும் நின்றாள். வாரியம் மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது.

பெண்கள் புதைகுழிக்கு வருவதில்லை என்பதால் அன்னக்கொடி தூரத்தில், கரையோரமாக நின்றிருந்தாள். எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் அடங்கியதும் அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நல்லகாமன் மேட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி அவளையே பார்த்தான். நெற்றி நேராகிக்கொண்டு வந்தது. இந்தத் திருநாட்டில் ஓர் அரசு அலுவலகத்தால் ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு நன்மையும் செய்ய முடியும் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. அவனுக்கும் அப்போது பயம் இல்லை. இத்தனை பேர் கண்ணையும் வாயையும் ஒருசேர மூடிக்கொண்டு நிற்கும்போது பயப்பட என்ன இருக்கிறது? இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான்.

அதிகாரி ஜப்பான் கடிகாரத்தைப் பார்த்தார். "போதும்" என்றார். கொட்டு மறுபடி தொடங்கியது.

"காரியந்தான் முடிஞ்சுருச்சே, இனிமே தனியா இங்க இருந்து என்னப்பா செய்யப் போற? லாரியிலயே வந்துரு" என்று சிவனாண்டி அவன் பெட்டியைத் தானே தூக்கி உள்ளே போட்டார். இல்லை, இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல நல்லகாமன் வாயைத் திறந்தான். எதற்கு என்று கேட்பார்கள். சும்மா என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டு ஏறினான்.

லாரியில் அன்னக்கொடி அவனோடு பேசவில்லை. கடல் மறைகிற வரைக்கும் பின்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சிவனாண்டியும் மற்றவர்களும் உறங்கிப்போனார்கள். கோபமாக இருப்பாளோ, அவள் தலைக்குள் தறி மறுபடி தொடங்கிவிட்டதோ என்று அவன் அவள் முகத்தையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச தூரம் போனபின் அவன் காதோரம் குனிந்தாள்.

"ஏங்க, ஒங்க பக்கத்துல பெரியப்பா யாரும் இருக்காரா?"

"இல்லையே."

அவள் விரல் மடக்கி எதையோ எண்ணினாள்.

"சரி. எங்க பக்கத்துல பாக்குறேன்" என்றாள்.